நூலுக்கும் நரம்புக்கும் முடிச்சுப் போட்டவர்கள்

கயிற்றுக்கடைக்கு வருகிறவர்கள் இரண்டே வகை: கட்டுவதற்காக வாங்குகிறவர்கள், அறுந்துபோனதால் வாங்குகிறவர்கள். முதல் வகை வந்த வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும். இரண்டாம் வகை காரணம் கேட்கும். காரணம் சொல்லியே என் தொண்டை வறண்டது. கடை வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். கடை வைக்காதவர்கள் ஒரு தடவையாவது தூண்டில் போட்டிருந்தால் போதும். கைக்கு வந்த மீன் போன வலி எல்லோருக்கும் ஒன்றுதான்.

காரைக்குடியில் சந்தைக்குப் போகிற வழியில் என் கடை. கிணற்றுக் கயிறு, மூக்கணாங்கயிறு, புதுவயல் ஆலைகளுக்கு லாரிக் கயிறு, மூட்டை தைக்கச் சணல். அறுபதுகளின் கடைசியில் தொண்டிப் பக்கமிருந்து நைலான் சரக்கு வர ஆரம்பித்தது. அதில் தூண்டில்காரர்கள் கேட்டது இரண்டு தினுசு. ஒன்று பின்னல் நூல். பல இழைகளைச் சடைபோலப் பின்னியது. மெல்லிசு, ஆனால் கெட்டி. வெள்ளையாகத் தண்ணீருக்குள் பளிச்சென்று தெரியும். இன்னொன்று நரம்பு. ஒற்றை இழை, கண்ணாடி மாதிரி. தண்ணீரில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது.

விரால் விவரமான மீன். நூலைப் பார்த்தால் கிட்டே வராது. முழுக்க நரம்பே போட்டால் என்ன என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து நரம்பு ரப்பர் மாதிரி இழுபடும். மீன் கடித்த சேதி கைக்கு வந்து சேர்வதற்குள் அது துப்பிவிட்டுப் போயிருக்கும். அதனால் கையிலிருந்து பின்னல் நூல், முள்ளுக்கு முன்னால் இரண்டு முழம் நரம்பு. இந்த இரண்டையும் எந்த முடிச்சால் சேர்ப்பது? ஒன்று பஞ்சு, மற்றது எண்ணெய் தடவின ஆரால் மீன். லேசாகக் கட்டினால் நரம்பு நழுவும். இறுக்கிக் கட்டினால் நரம்பு நூலை அறுக்கும். ஒரு வருஷம் தை, மாசியில் இதை வைத்து நடந்ததைத்தான் சொல்கிறேன்.

மாட்டு முடிச்சு

வலையபட்டிக்கு அங்குட்டு ஒரு கிராமத்திலிருந்து கருப்பையா வந்தார். நிலமும் மாடும் உள்ளவர், ஊரில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். மகள் பஞ்சவர்ணம் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். விரால் குழம்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். இவர் காரைக்குடியில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். மோந்து பார்த்துவிட்டு, இது நம்ம கண்மாய் மீனில்லை என்று தள்ளிவிட்டாளாம். பிள்ளை பிறந்துவிட்டால் பத்தியம். அப்புறம் விரால் பேச்சே கிடையாது. அதற்குள் பிடித்தாக வேண்டும்.

வலையை வீசி எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்றேன். அங்கேதான் வினை. கண்மாய் வற்றி, ஊர் கூடி எல்லோருக்கும் திறந்துவிடுகிற நாள்வரைக்கும் வலை வீசக்கூடாது, தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கக்கூடாது. கரையில் நின்று தூண்டில் மட்டும் போடலாம். இது ஊர்க் கட்டுப்பாடு. அந்த வருஷம் கோயில் வாசலில் நின்று அதைச் சத்தம்போட்டு அறிவித்தவரே கருப்பையாதான். நூலும் நரம்பும் கொடுத்தேன். முடிந்து தரட்டுமா என்று கேட்டேன். தலைமுறையாக மாடு கட்டுகிற கைக்கு இது ஒரு வேலையா என்று பிடுங்கிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் வந்தார். கையில் பின்னல் நூல் மட்டும். நுனியில் ஒரு பிசிறு இல்லை, இழை பிரியவில்லை. முள்ளில் கோத்த தவளையை விரால் விழுங்கியது, இழுத்தார், நரம்பு முடிச்சிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மாட்டுக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சு தேங்காய் நாரைப் பிடிக்கும், நைலானைப் பிடிக்காது. அதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் நூல் நுனியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த மீன் அறுத்துக்கிட்டுப் போகலண்ணே. அவுத்துக்கிட்டுப் போயிருக்கு."

லாரிக் கட்டு

அப்போது கடையில் புதுவயல் ஆலை டிரைவர் ஒருவர் லாரிக் கயிறு வாங்கிக்கொண்டிருந்தார். நெல் மூட்டையை வானம்வரை அடுக்கி, மானாமதுரைவரை ஒரு மூட்டை அசையாமல் கொண்டுபோகிற மனிதர். கருப்பையா கையிலிருந்ததை வாங்கினார். ஒரு கையில் பீடி, மறு கையால் கட்டினார். அந்த விரல்களை நான் இன்றும் மறக்கவில்லை. வளைத்தார், கோத்தார், திருப்பி ஒரு தரம், பல்லால் ஒரு இழுப்பு. ஒரு முனையை என் கடைத் தூணில் மாட்டி, மறுமுனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு உடம்பு முழுக்கச் சாய்ந்து இழுத்தார். தூண்தான் முனகியது. முடிச்சு நின்றது.

நின்றது சரி. அது சுண்டைக்காய் அளவுக்கு இருந்தது. கண்மாயில் போட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கொத்துப் பாசியை அள்ளிக்கொண்டு வந்தது. பாசி தொங்கும் நூலுக்குப் பக்கத்தில் விரால் வருமா? ஒரு வாரம் முயன்றுவிட்டு கருப்பையா வந்தார். டிரைவர் மேல் அவருக்குக் கோபமில்லை. முடிச்சு இன்னும் அவிழவில்லை என்று பெருமையாகவே எடுத்துக் காட்டினார். மீன் என்ன ஆயிற்று என்றேன். "மீனை விடுங்க. கரையெல்லாம் பாசியா எடுத்துப் போட்டுருக்கேன். ஊர்ல எருமைக பூராவும் என் பின்னாலயே வருதுக."

வஜ்ஜிரம்

பக்கத்துத் தெருவில் ஒரு ஆசாரி. நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டுக்குக் கதவு இழைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முடிச்சு என்ற பேச்சே பிடிக்காது. முடிச்சு போடுகிறவன் பொருத்தத் தெரியாதவன் என்பார். சங்கதியைக் கேட்டதும் பின்னல் நூலை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். சடைக்கு நடுவில் கூடு இருப்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அத்தனை நாள் அதை விற்ற எனக்குத் தெரியாது. நூலின் வாயை ஊசியால் விரித்து நரம்பை உள்ளே செலுத்தினார். மரத்துளைக்குள் கழுந்து முனை இறங்குகிற மாதிரி அது ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே போய் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். சேர்ந்த இடம் விரலுக்குத் தட்டவில்லை. அழகு என்றால் அப்படி ஒரு அழகு.

அதோடு விட்டிருக்கலாம். உறுதிக்கு மேலே வஜ்ஜிரம் காய்ச்சித் தடவினார். மரத்துக்கு மரம் ஒட்டுகிற பசை, தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. காய்ந்ததும் அதில் தராசுக்கல்லைத் தொங்கவிட்டார். ஆடவில்லை. கருப்பையா சந்தோஷமாகக் கொண்டுபோனார். வஜ்ஜிரத்துக்குத் தண்ணீர் ஆகாது என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விரால் இழுக்கக்கூட இல்லை. நனைந்ததும் நரம்பு தானே வெளியே வந்துவிட்டது. கருப்பையா தெருவில் நின்று சத்தம் போட்டார். ஆசாரி இழைப்புளியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "நான் செஞ்ச கதவு எந்த வீட்டுல தண்ணிக்குள்ள நிக்குது? மீனை மேல வரச் சொல்லுங்க."

ஊதுகுழல்

இதையெல்லாம் எதிர்க்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நகை வேலை செய்கிற பத்தர். அவர் மீன் சாப்பிட மாட்டார். வாடைகூட ஆகாது. ஆனாலும் முடிச்சில் கருத்து இருந்தது. நரம்பு நழுவுவதுதானே சங்கடம், அதன் நுனியை உருக்கி ஒரு மணி உருட்டிவிட்டால் எப்படி நழுவும் என்றார். யோசனை நல்ல யோசனை, எனக்கே தோன்றியிருக்க வேண்டும். ஊதுகுழலை எடுத்தார். கடுகளவு ஒரு மணி, உருண்டை பிசகாமல். தாலிக்கொடியில் கோக்கலாம்.

நகைக்குக் காட்டுகிற சூட்டை நரம்புக்கும் காட்டிவிட்டார். மணிக்குப் பின்னால் இருந்த நரம்பு வெந்துபோனது பார்வைக்குத் தெரியவில்லை. கண்மாயில் விரால் கடித்த மாத்திரத்தில், கண்ணாடி வளையல் மாதிரி பட்டென்று போயிற்று. கைவிட்டுப் போனது இது இரண்டாவது விரால். கருப்பையா முகம் கறுத்துவிட்டது. மாசி பிறந்தாயிற்று, மகளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பத்தர் ஒடிந்த நுனியைக் கிடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்: "தங்கம் இப்படிப் பண்ணாது."

என் முடிச்சு

கடைசியில்தான் என்னிடம் கேட்டார்கள். எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் கடைக்காரனிடம் கேட்பார்கள், அது வழக்கம். இரண்டையும் எதிரெதிராக வைத்து, நரம்பை நூலின்மேல் சுற்றி, நூலை நரம்பின்மேல் சுற்றி, நடுவில் கோத்து, எச்சில் வைத்து இறுக்கினேன். தொண்டி மீன்காரர்கள் போடுவது. இரண்டும் ஒரே தினுசாக இருந்தால் ஆயுசுக்கும் நிற்கும். இவை ஒரே தினுசு இல்லை. தெரிந்தேதான் போட்டேன். வேறு எனக்குத் தெரியாது.

அடுத்த சந்தைக்குக் கருப்பையா வரவில்லை. அவர் சம்சாரம் வந்தார். கூடையை இறக்கி வைத்தார், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மீன் கரைவரைக்கும் வந்ததாம். முதுகு தெரிந்ததாம். தொடப்போகிற சமயத்தில் நரம்பு நூலை அறுத்துவிட்டதாம். கருப்பையா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார். நான் ஏதோ காரணம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்: "உங்க முடிச்சுதான் ரொம்ப நேரம் நின்னுச்சுன்னு அவுக வாய் ஓயாமச் சொல்றாக. மீனு எங்கன்னு கேட்டா மட்டும் பேச்சக் காணோம்."

பூக்கட்டு

இரண்டு நாள் கழித்து ஒரு கூண்டுவண்டி கடை முன்னால் நின்றது. தாயும் மகளும் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழி. பஞ்சவர்ணத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். நிறைமாதம். மூச்சு வாங்கியது. லாரிக் கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்துகொண்டு, அந்த நூலையும் நரம்பையும் காட்டுங்கள் என்றாள். அப்பா ராத்திரி தூக்கத்தில்கூட முடிச்சு முடிச்சு என்கிறார், அப்படி என்னதான் முடியவில்லை என்று பார்க்க வேண்டும் என்றாள். கொடுத்தேன். இரண்டையும் விரலால் உருவிப் பார்த்தாள். நரம்பின் ஒரு முனையைத் தூணில் கட்டச் சொல்லி, மறுமுனையை என் கையில் கொடுத்தாள். நான் தளர்வாகப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. "இழுத்துப் புடிங்க பெரியப்பா. தொங்க விட்டா நிக்காது" என்று ஒரு அதட்டல்.

பிடித்தேன். நரம்பை அவள் முடியவே இல்லை. அதைப் பூக்காம்பாக வைத்துக்கொண்டாள். பின்னல் நூலை இந்தப் பக்கமிருந்து ஒரு சுற்று, அந்தப் பக்கமிருந்து ஒரு சுற்று. ஒவ்வொன்றையும் சுண்டி இறுக்கி, அடுத்ததை அதன் தோளோடு தோளாக நெருக்கினாள். பேசிக்கொண்டே கட்டினாள். தாயிடம் வெயிலைப் பற்றிப் பேச்சு, கண் வேறெங்கோ, விரல் மட்டும் தன் போக்கில் போயிற்று. முடிந்தபோது ஒரு விரல்கடை நீளம், நெல்லை விட ஒல்லி. நரம்பு நேர்கோடாக இருந்தது, ஒரு வளைவு இல்லை. வளைந்தால்தானே அறுக்கும்? நான் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தேன். இழுக்க இழுக்க நூல் நரம்பைக் கவ்வியது. இன்னும் இழுத்தேன். இன்னும் கவ்வியது. முப்பது வருஷம் கயிற்றோடு கிடந்தவன் அவளிடம் பாடம் கேட்க வேண்டியதாயிற்று. வழுக்குகிற நரம்பில் இது எப்படி நிற்கிறது என்று கேட்டேன். அவள் எழுந்திருக்கத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "நனைஞ்ச மல்லியப்பூக் காம்பு இத விட வழுக்கும் பெரியப்பா."

ஆசாரியும் பத்தரும்

அன்றைக்கு அவள் இரண்டு கட்டினாள். ஒன்றை அப்பாவுக்கு எடுத்துப்போனாள். மற்றது என் கடை ஆணியில் தொங்கியது. சாயங்காலம் ஆசாரியும் பத்தரும் சேர்ந்தே வந்தார்கள். பத்தர் கண்ணாடி வில்லையை எடுத்துவந்திருந்தார். ஆசாரி நகத்தால் சுரண்டினார். தண்ணீரில் ஊறப்போட்டார்கள், எடுத்து இழுத்தார்கள், முறுக்கினார்கள், தராசுக்கல் ஏற்றினார்கள். சுற்றுக்குச் சுற்று நெருக்கம் ஒரே அளவாக இருக்கிறது, வளையலுக்குக் கம்பி சுற்றினாலும் இப்படி வராது என்று பத்தர் தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். ஆசாரி மறுபடியும் நகத்தால் சுரண்டினார்.

கடை சாத்துகிற நேரமாயிற்று. போகச் சொன்னேன். ஆசாரி மனசில்லாமல் அதை ஆணியில் மாட்டினார்: "கொறை சொல்ல ஒண்ணும் கெடைக்கல. நாளைக்கு வாரேன்."

கரை

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு சைக்கிளில் அவர் ஊருக்குப் போனேன். கண்மாய்க் கரையில் மாடு மேய்க்கிறவர்களும் துவைக்க வந்தவர்களுமாகப் பத்து இருபது பேர். மகளுக்குக் காலையிலிருந்தே இடுப்பு லேசாகக் கடுக்கிறதாம். கருப்பையா அல்லித் தண்டுகளுக்கு ஓரமாகத் தவளையைப் போட்டுவிட்டுச் சிலையாக நின்றார். தண்ணீர் ஒரு தரம் குமிழியிட்டது. அடுத்த நொடி தூண்டில் மூங்கில் வில்லாக வளைந்தது. முடிச்சு நின்றது. நூல் நின்றது. மூங்கில்தான் நடுவில் படாரென்று முறிந்தது.

முறிந்த பாதி தண்ணீரில் ஓடுவதற்குள் ஓடுகிற நூலைக் கையால் பிடித்துவிட்டார். விரால் அல்லிக்குள் புகுந்து சுற்றிக்கொண்டது. இனி இழுத்தால் வராது. இறங்கி எடுத்தால் இடுப்பளவு தண்ணீர், நாலு எட்டு. இறங்குங்க மாமா, உங்களை யார் கேட்கப் போறா என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கப் போனான். கருப்பையா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவன் நின்றுவிட்டான். கட்டுப்பாட்டைச் சொன்னவர் அவர். மகளுக்கு என்றாலும் சொன்னது சொன்னதுதான். தண்ணீர் தொடுகிற விளிம்பில் கால்விரல்கள், ஒரு அங்குலம் தாண்டவில்லை. நூல் உள்ளங்கையை அறுத்து ரத்தம் முழங்கைக்கு வழிந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு இழுத்தார். கொஞ்சம் விட்டார். மறுபடி இழுத்தார்.

அவசரப்படவே இல்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நானாக இருந்தால் தொப்பென்று இறங்கியிருப்பேன். அல்லித் தண்டு ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு பெரிய கொடிக்கட்டே நகர்ந்து கரைக்கு வந்தது. அதற்குள்ளே கறுப்பாக, முழங்கை நீளத்துக்கு, விரால். பூக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சுற்றுகூட விலகவில்லை. கருப்பையா மீனைப் பார்க்கவில்லை. இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கிக் கரையிலிருந்தவர்களுக்குக் காட்டினார்: "காலு நனையல. எல்லாரும் பாத்துக்கங்க."

குழம்பு

அந்த வாரக் கடைசியில் வந்தார். நூல் அறுத்த கையில் துணிக்கட்டு, மறு கையில் கற்கண்டுப் பொட்டலம். பேத்தி பிறந்திருக்கிறாள். மீன் கொண்டுபோன அன்று ராத்திரியே குழம்பு வைத்தார்களாம். இடுப்பு வலியோடு உட்கார்ந்து நடுத்துண்டாகப் பார்த்து வாங்கிச் சாப்பிட்டாளாம். இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு, நம்ம கண்மாய்தான் என்று தலையை ஆட்டினாளாம். விடிவதற்குள் பிள்ளை. சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கணக்கு மேஜையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மகளுக்குச் சந்தோஷம்தானே என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. அவர் கையிலிருந்த கட்டைப் பார்த்தபோதுதான் கரையில் நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்ததாம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவரைக் கண்டபடி ஏசினாளாம். என்ன சொன்னாள் என்றேன். "'இவ்வளவு பாடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கெண்டையே கேட்டுருப்பேனேப்பா'ங்கிறா."

முடிச்சு அவள் போட்டது, மீன் அவர் பிடித்தது, ஆனால் 'அந்தக் கடை நூல் அறாது' என்று பெயர் வந்தது என்னவோ எனக்குத்தான். வந்த பெயரை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிற பழக்கம் கயிற்றுக்கடைக்காரனுக்குக் கிடையாது.